சீஷனும் மாணாக்கனும்: நன்னூல் வழியே ஓர் ஒப்பாய்வு

சித்தூரிலும் திருப்பதியிலும் கிறிஸ்தவ அன்பர்கள் நடத்தும் கூட்டங்களின் சுவரொட்டிகளில் ‘சீஷத்துவம்’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். தெலுங்கில் ‘சிஷ்யத்வம்’ என்று போடுவார்கள். இயேசுவின் சீஷனாக வாழ்வது எப்படி என்பதுதான் அந்தக் கூட்டங்களின் பொருள். வியாபாரத் தொடர்புள்ள நண்பர்கள் அழைத்ததன் பேரில் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன். அங்கே கேட்டவற்றையும், பிறகு மூல நூல்களைத் தேடிப் படித்ததையும் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் சமயப் பண்டிதன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து சித்தூரில் வெல்ல மண்டி வைத்துப் பிழைக்கிற நயினார் குடும்பத்தவன். படித்ததெல்லாம் கடை மூடிய பிறகு படித்ததுதான். சமணனுக்குக் கிறிஸ்தவ சீஷத்துவத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணம் சொல்வேன். ஆசிரியன், மாணாக்கன் என்ற பொருளைத் தமிழில் ஒழுங்காக வகுத்துத் தந்த நன்னூல், பவணந்தி என்ற சமண முனிவர் செய்தது. அந்த அளவுகோல் எங்கள் வீட்டுச் சொத்து. அதை வைத்து அளந்து பார்க்க எனக்கு உரிமை உண்டு. இரண்டாவது காரணத்தைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். அதுதான் முக்கியமானது.

சொல்லில் தொடங்குவோம்

இயேசுவும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் யூதர்கள். அவர்களுடைய எபிரேய மொழியில் சீடனுக்குத் ‘தல்மீது’ என்று பெயர். கற்றல் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்தில் ‘மத்தேத்தேஸ்’ என்பார்கள். அதுவும் கற்பவன் என்றே பொருள்படும். சுவிசேஷங்கள் நான்கிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் மட்டும் சுமார் 260 இடங்களில் இந்தச் சொல் வருகிறது. பவுலின் நிருபங்களில் ஓரிடத்திலும் இல்லை. ஆக, இது கலிலேயாவின் ஊர்களிலும் ஏரிக்கரையிலும் ஒரு போதகரைச் சுற்றி இருந்த கூட்டத்தின் சொல்.

பழைய ஏற்பாட்டில் ‘தல்மீது’ ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. தாவீது காலத்து ஆலயப் பாடகர்களுக்கு முறை வகுத்ததைச் சொல்லும் 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தில். அந்த இடத்தில் நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் ‘மாணாக்கன்’ என்று போட்டிருக்கிறது. எதிரே ‘ஆசான்’ நிற்கிறார். அதே புத்தகத்தில் புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் ‘சீஷன்’ ஆகிவிடுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘சீடர்’ என்கிறது. ஒரே சரக்கு, இரண்டு லேபிள். இதனால் என்ன நட்டம் என்றால், மாணாக்கன் என்றதும் ஏடும் எழுத்தும் கேள்வியும் நினைவுக்கு வருகின்றன. சீஷன் என்றதும் காவியும் காலில் விழுதலும் நினைவுக்கு வருகின்றன. சீஷன் என்பதன் வடமொழி மூலமான ‘சிஷ்ய’ என்பதற்குக் ‘கற்பிக்கப்பட வேண்டியவன்’ என்று பொருள். தல்மீது தானே கற்பவன். இயேசுவின் சீஷர்கள் அடிக்கடி குறுக்கே கேள்வி கேட்கிறார்கள், புரியவில்லை என்கிறார்கள், மறுத்தும் பேசுகிறார்கள். அது அடங்காமை அன்று, மாணாக்கனின் வேலை. ‘சீஷன்’ என்ற சொல் அதைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது.

சமணத்தில் இல்லறத்தாருக்குச் ‘சாவகர்’ என்று பெயர். கேட்பவர் என்பது அதன் பொருள். இஸ்ரவேலர் நாள்தோறும் சொல்லும் முதன்மையான அறிக்கையும் ‘கேள்’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. கேட்பவன், கற்பவன், கற்பிக்கப்படுபவன் என்று ஒவ்வொரு மரபும் மாணாக்கனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து பெயர் வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று ஒப்புமைகள்

யூதருடைய வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்த நூல் மிஷ்னா. அது கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்டது. அதில் ‘ஆவோத்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆவோத் என்றால் தந்தையர். மூத்த ஆசிரியர்களின் வாக்குகளைக் கோத்த சின்ன நூல். நன்னூல் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. கங்கர் மரபில் வந்த சீயகங்கன் என்ற குறுநில மன்னன் வேண்டிக்கொண்டதால் பவணந்தியார் செய்தது. பழைய கங்கர்களின் தலைநகராயிருந்த கோலார் நம் சித்தூருக்கு அடுத்த சீமைதான். இரண்டு நூல்களுக்கும் நடுவே ஆயிரம் வருஷமும் ஒரு கடலும் இருக்கின்றன. அப்படி இருந்தும் பாருங்கள்.

முதலாவது, மாணாக்கர் வகை. நன்னூல் எட்டு உவமை சொல்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், மேய்ந்துவிட்டு வந்து அசைபோடும் பசு இரண்டும் தலை மாணாக்கர். உழவனின் முயற்சி அளவுக்குப் பலன் தரும் மண், சொன்னதைச் சொல்லும் கிளி இரண்டும் இடை. ஓட்டைக் குடம், இங்கே ஒரு வாய் அங்கே ஒரு வாய் கடிக்கும் ஆடு, குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, நெய்யரி என்கிற பன்னாடை நான்கும் கடை. ஆவோத் நூல் நான்கு உவமை சொல்கிறது. எல்லாவற்றையும் உறிஞ்சும் கடற்பஞ்சு. ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விட்டுவிடும் புனல். திராட்சரசத்தைக் கீழே விட்டுக் கசடைத் தேக்கும் வடிகட்டி. வேண்டாத பொடியை உதிர்த்துவிட்டு நல்ல மாவை வைத்துக்கொள்ளும் சல்லடை. இவர்களுடைய புனல் நம்ம ஓட்டைக் குடம். இவர்களுடைய சல்லடை நம்ம அன்னம். வடிகட்டி அப்படியே நம்ம பன்னாடை: நல்ல நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தொழிலிலும் கரும்புப்பால் காய்ச்சும்போது மேலே வரும் அழுக்கை அள்ளி எறிவார்கள். அழுக்கை வைத்துக்கொண்டு பாலைக் கொட்டுகிறவனை யாரும் ஆலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, நெருப்பு. மாணாக்கன் ஆசிரியனிடம் குளிர்காய்பவன் நெருப்பிடம் இருப்பதுபோல, விலகிப் போகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்கிறது நன்னூல். திருக்குறள் இதே உவமையை மன்னரைச் சார்ந்து ஒழுகுவதற்குச் சொல்லியிருக்கிறது. ஆவோத் நூலில் எலியேசர் என்ற ஆசிரியர், அறிஞர்களின் நெருப்பில் குளிர்காய், ஆனால் கங்கு சுட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்ற கருத்தைச் சொல்கிறார். படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது, கல்வியின் பங்குக் கணக்கு. ஆசிரியன் சொன்னதை நன்றாகவே வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வரும் என்பது நன்னூல் கணக்கு. பாபிலோனியத் தல்மூதிலும் ஓர் ஆசிரியர் வாக்கு இருக்கிறது: ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிட, மாணாக்கர்களிடம் எல்லாரையும்விட என்கிற கருத்து. கூட்டிப் பார்த்தால் வரிசை அச்சாக அதேதான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தைத் திறங்கள். இயேசு பன்னிருவரையும் இரண்டிரண்டு பேராக ஊர்களுக்கு அனுப்புகிறார். அவர்கள் இன்னும் முழுக்கக் கற்கவில்லை; அதற்குப் பிறகும் புரியாமல் தடுமாறுகிறார்கள். அப்புறம் ஏன் அனுப்பினார்? கற்றுத் தேர்ந்ததால் அனுப்பவில்லை, கற்பதற்காகவே அனுப்பினார். இரண்டு பேராகப் போனதில் தோழமைக் கால் இருக்கிறது; போய்ச் சொன்னதில் அந்த அரைப் பங்கு இருக்கிறது. கூட்டங்களில் இந்தப் பகுதியை ஊழியத்துக்கு ஆள் சேர்க்கும் வசனமாக மட்டும் சொல்லிவிடுகிறார்கள். நன்னூல் படித்தவனுக்கு அது பாடத்திட்டமாகத் தெரிகிறது.

ஒப்புமை வேறு, உறவு வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு மண்டியில் ஒரே எடை காட்டினால் இரண்டுக்கும் முதலாளி ஒருவர் என்று ஆகிவிடாது. தராசு சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். வள்ளுவர் தோமாவின் சீடர் என்று எழுதியவர்கள் தமிழகத்தில் உண்டு. எங்கள் பக்கத்தில் அவரைச் சமண ஆசாரியர் குந்தகுந்தரே என்று சொல்வோரும் உண்டு. யாராவது நாளைக்குப் பவணந்தியார் மிஷ்னா படித்தார் என்று கிளம்பினால், அதற்கு இந்தக் கட்டுரையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். வாயால் சொல்லிக் காதால் கேட்டு நெஞ்சில் வைத்த கல்வி எங்கே இருந்தாலும் அதே சிக்கல்கள் வரும், அதே உவமைகள் பிறக்கும். மிஷ்னா என்ற சொல்லுக்கே திரும்பச் சொல்லுதல் என்ற வேர்ப்பொருள் உண்டு. நன்னூலும் இரண்டு தரம், மூன்று தரம் கேட்கச் சொல்கிறது.

இப்போது மேடைப் பேச்சுக்கு வருகிறேன். சமீப காலமாக இயேசுவின் யூதப் பின்னணியை எடுத்துப் பேசும் வழக்கம் வந்திருக்கிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் அதில் காலக் குழப்பம் நிறைய இருக்கிறது.

ஓர் உதாரணம். ‘உன் போதகரின் பாதத்தூசி உன்மேல் படியட்டும்’ என்று யூதர் வாழ்த்துவார்கள், அதாவது அவர் பின்னால் அவ்வளவு நெருக்கமாக நடப்பார்கள் என்று சொல்லப்படுகிறது. ஆவோத் நூலில் யோசே பென் யோயேசர் என்பவர் வாக்கில் பாதத்தூசி வருவது உண்மைதான். ஆனால் அந்த வாக்கு, உன் வீடு அறிஞர்கள் கூடும் இடமாகட்டும், அவர்கள் காலடித் தூசியில் இரு, அவர்கள் சொல்லைத் தாகத்தோடு குடி என்ற கருத்துடையது. தெருவில் பின்னால் ஓடுவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வீட்டுக் கூடத்தில் ஆசிரியர் அமர, தரையில் உட்கார்ந்து கேட்பதுதான் அங்கே காட்சி. கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தேன் என்று பவுல் சொல்வதும், பெத்தானியாவில் மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டதும் அதே காட்சி. சரியான பொருளைச் சொன்னால் மரியாள் சமையலுக்கு ஒத்தாசை செய்யாமல் சும்மா இருந்தவள் அல்லள், மாணாக்கியின் இடத்தில் அமர்ந்தவள் என்பது விளங்கும். யோப்பாவில் இருந்த தபீத்தாளை நடபடிகள் நேராகவே ‘சீஷி’ என்கிறது. தூசியைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்த லாபத்தை இழந்துவிட்டார்கள்.

இன்னோர் உதாரணம். அந்தக் காலத்து யூதப் பிள்ளைகள் மூன்றடுக்குப் பள்ளியில் படித்து, வடிகட்டி, மிகச் சிறந்தவர்கள் மட்டுமே ரபீக்களின் சீடராவார்கள். தோற்றவர்கள் மீன்பிடிக்கப் போவார்கள். அப்படித் தோற்றவர்களை இயேசு அழைத்தார் என்பது இன்று பிரபலமான பிரசங்கம். கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் வயதுவாரியாகக் கல்வியை வகுக்கும் செய்திகள் மிஷ்னாவிலும் அதற்குப் பின்வந்த தல்மூதிலும்தான் இருக்கின்றன. அவை 1ஆம் நூற்றாண்டுக் கலிலேயக் கிராமத்தில் அப்படியே நடந்தது என்பதற்குச் சான்று இல்லை. ‘ரபீ’ என்பதுகூட இயேசு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்தது. முறையான பட்டமாக நிலைபெற்றது கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்த பிறகு. இந்த வருஷத்துச் சரக்குக்குப் போட்ட பில்லைப் போன தலைமுறைச் சரக்கோடு ஒட்டக்கூடாது. அது கணக்குப் பிழை.

நான் மேலே காட்டிய ஒப்புமைகளுக்கும் இந்த விதி பொருந்தும். ஆவோத், தல்மூது வாக்குகள் தொகுக்கப்பட்டது சுவிசேஷங்களுக்குப் பின்னால். ஆகவே இயேசு அவற்றைப் படித்தார் என்று சொல்லவில்லை. அந்த வாக்குகளும் இயேசுவின் வாக்குகளும் ஒரே மண்ணில் விளைந்தவை என்று மட்டும் சொல்கிறேன்.

யாருக்குக் கற்பிப்பது?

நன்னூலில் எனக்கு நெருடுகிற ஓர் இடம் உண்டு. கற்பிக்கத் தக்கவர் பட்டியலில் தன் மகன், ஆசான் மகன், மன்னன் மகன், பொருள் மிகக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை விரைந்து கொள்பவன் என்று வருகிறது. தகாதவர் பட்டியலில் குடிகாரன், சோம்பேறி, திருடன், சினத்தன் போன்றவர்களோடு நோயாளியும் மந்தபுத்திக்காரனும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். எங்கள் முனிவர் செய்தது என்பதற்காக இதை மறைக்க முடியாது.

இதே வழக்கு யூதரிடையிலும் நடந்தது. இயேசுவுக்குச் சற்று முன்பு வாழ்ந்த ஹில்லேல், சம்மாய் என்ற இரு பெரும் ஆசிரியர்கள் பெயரால் இரண்டு பள்ளிகள் இருந்தன. மாணாக்கரை நிறைய எழுப்புங்கள் என்ற பழைய வாக்குக்கு ஆவோத் நூலின் விரிவுரை ஒன்று இந்த இரண்டு பள்ளிகளின் கருத்தையும் பதிந்திருக்கிறது. அறிவும் அடக்கமும் நல்ல குலமும் செல்வமும் உள்ளவனுக்கே கற்பிக்க வேண்டும் என்றது சம்மாய் பள்ளி. எல்லாருக்கும் கற்பியுங்கள், பாவிகளாயிருந்த பலர் கற்கத் தொடங்கி அவர்கள் வழியில் நல்லோர் தோன்றியிருக்கிறார்கள் என்றது ஹில்லேல் பள்ளி. பவணந்தியார் சம்மாய் கட்சி. மீன்பிடிக்கிறவர்களையும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த வரி வசூலிப்பவரையும் அழைத்த இயேசு, இந்த விஷயத்தில் ஹில்லேல் கட்சி.

ஆக, இயேசு யூதக் கல்வி மரபை எதிர்த்துத்தான் எளியவர்களை அழைத்தார் என்று சொல்வது பாதி உண்மைகூட அன்று. அந்த மரபுக்குள்ளேயே ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு அதைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனார். யூத ஆசிரியர்களிலும் செருப்புத் தைத்த யோகனான் என்று தொழிலாலேயே பெயர் பெற்றவர் உண்டு.

வேறுபாடும் இருக்கிறது. உனக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள் என்பது ஆவோத் மரபு. இயேசுவிடம் தலைகீழ்: அவரே போய்க் கூப்பிடுகிறார், நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன் என்ற பொருளில் யோவான் 15இல் சொல்கிறார். இதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எலிசாவின் மேல் எலியா தீர்க்கதரிசி போர்வையைப் போட்டு அழைத்த கதைதான் அது.

இன்னொரு வேறுபாடு, வழிமுறை சொல்வது. யூத ஆசிரியர்கள் ‘இன்னார் பெயரால் இன்னார் சொன்னது’ என்று தொடர் சொல்லிப் பேசுவார்கள். ஆவோத் நூலின் தொடக்கமே மோசேயிலிருந்து வரும் ஆசிரியத் தொடர்தான். நமக்குப் பக்கத்தில் மேல்பாடிக்கு அருகே வள்ளிமலை இருக்கிறதே, அங்கே சமணக் குகையில் 9ஆம் நூற்றாண்டை ஒட்டிய கன்னடக் கல்வெட்டுகள் உள்ளன. ஒரு திருவுருவத்தின் கீழே, பவணந்தியின் சீடரும் வாணராயரின் குருவுமான தேவசேனர் என்று வெட்டியிருக்கிறது. இவர் நன்னூலாருக்கு முன்பிருந்த வேறொரு பவணந்தி. குருவின் பெயர் இல்லாமல் ஒருவருக்கு அடையாளமே இல்லை என்ற மரபு அது. இயேசுவோ எந்தக் குருவின் பெயரையும் சொல்லாமல், நான் உங்களுக்குச் சொல்லுகிறேன் என்று பேசினார். வேதபாரகரைப் போலல்லாமல் அதிகாரத்தோடு போதித்தார் என்று ஜனங்கள் வியந்ததற்கு இதுதான் அர்த்தம். யூத மரபு தெரியாவிட்டால் அந்த வியப்பின் அளவே தெரியாது.

செருப்பின் வார்

மாணாக்கன் பாடம் மட்டும் கேட்டால் போதாது, ஆசிரியருக்குப் பணிவிடை செய்து அவர் வாழும் முறையைக் கற்க வேண்டும் என்பது யூத மரபு. எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் எலிசாவைப் பழைய ஏற்பாடு அறிமுகம் செய்கிறது. தண்ணீர் வார்த்தான் என்றதே தவிர, பாடம் கேட்டான் என்று சொல்லவில்லை பாருங்கள் என்று தல்மூது இதைச் சுட்டிக்காட்டும். நம்ம குருகுலத்திலும் இதுதானே வழக்கம்.

இந்தப் பணிவிடைக்கு ஓர் எல்லையும் இருந்தது. அடிமை எசமானுக்குச் செய்யும் எல்லா வேலையையும் மாணாக்கன் ஆசிரியருக்குச் செய்யலாம், செருப்பைக் கழற்றுவது தவிர என்று தல்மூதில் யோசுவா பென் லேவி சொல்கிறார். இவர் 3ஆம் நூற்றாண்டினர்; ஆனால் வழக்கம் பழையதாக இருக்க வேண்டும். ஏனென்றால் வருகிறவருடைய செருப்பின் வாரை அவிழ்க்கவும் நான் தகுதியற்றவன் என்று யோவான் ஸ்நானன் சொல்லும் இடத்தில் இந்த எல்லைதான் பேசுகிறது. சீடனும் செய்ய வேண்டாத கடைசி வேலைக்குக்கூடத் தகுதி இல்லை என்கிறார் அவர். இது தெரியாமல் படித்தால் வெறும் பணிவான பேச்சாகப் போய்விடும்.

இதை வைத்துக்கொண்டு யோவான் 13ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். ஆசிரியரே எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு மாணாக்கரின் கால்களைக் கழுவுகிறார். பேதுரு பதறுகிறார். மாணாக்கனுக்கே வேண்டாம் என்று விலக்கிய இடத்துக்கு ஆசிரியர் இறங்கிவிட்டார். நன்னூலில் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமை. நிறைகோலை நான் தினமும் கையில் பிடிக்கிறவன். ஆசிரியன் இறங்கி வரும் இந்த நிலைக்கு அந்த நான்கிலும் உவமை கிடைக்கவில்லை. கொஞ்சம் ஒட்டுவது நிலம் மட்டும்தான்.

தந்தையா ஆசிரியரா என்ற கேள்வியையும் இங்கே சேர்க்கலாம். இறந்த தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனை இயேசு தடுத்தது நமக்கெல்லாம் அதிர்ச்சி தருவது. மிஷ்னாவிலும் இதன் சாயல் உண்டு: தந்தை தொலைத்த பொருளையும் ஆசிரியர் தொலைத்த பொருளையும் தேட வேண்டி வந்தால் ஆசிரியருடையதை முதலில் தேடு, தந்தை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தார், ஆசிரியர் வரும் உலகத்துக்குக் கொண்டுபோகிறார் என்று காரணம் சொல்லும். தந்தையே அறிஞரானால் அவருடையதே முந்தும் என்று விதிவிலக்கும் வைத்தார்கள். வீட்டையும் விடாமல் கல்வியையும் விடாமல் போட்ட சமரசம். இயேசு அந்தச் சமரசத்துக்கு இடம் தரவில்லை. வேர் ஒன்று, கிளை வேறு பக்கம் போகிறது.

பரிசேயர் என்ற சொல்

இப்போது என் இரண்டாவது காரணம். தமிழ்ப் பிரசங்கத்தில் ‘பரிசேயன்’ என்பது வசைச் சொல் ஆகிவிட்டது. வேஷக்காரன், எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குபவன் என்று பொருள். மேலே நான் சொன்ன ஹில்லேலும் கமாலியேலும் அந்தப் பரிசேய மரபினர்தான். கமாலியேல்தான் ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து அப்போஸ்தலரை விட்டுவிடும்படி பேசியவர் என்று நடபடிகள் 5 சொல்கிறது. ஏரோது கொல்லத் தேடுகிறான், போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர் சிலர் என்று லூக்கா 13 சொல்கிறது. உயிர்த்தெழுதலை நம்பியதில் இயேசுவும் அவர்களும் ஒரே பக்கம். நெருங்கியவர்கள் நடுவில்தான் வாதம் காரமாக இருக்கும். குடும்பச் சண்டையை எதிரிச் சண்டையாகப் பிற்காலத்தார் படித்துவிட்டார்கள். அந்தப் படிப்பினால் ஐரோப்பாவில் யூதர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் என்ன நேர்ந்தது என்பது உலகம் அறிந்தது.

இதைச் சொல்ல எனக்கு ஓர் அனுபவத் தகுதி இருக்கிறது. சமணர் என்றால் சராசரித் தமிழருக்குத் தெரிந்தது என்ன? ஊத்தை வாயர், வாதத்தில் தோற்றவர், மதுரையில் கழுவேறிய எண்ணாயிரவர். இவை எல்லாம் எங்களை எதிர்த்தவர்களின் நூல்களில் உள்ளவை. சிலப்பதிகாரமும் சிந்தாமணியும் நாலடியாரும் நன்னூலும் தந்தவர்கள் என்பது இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும், அதுவும் ஞாபகப்படுத்தினால். எதிர்த்தரப்புப் பேரேட்டை மட்டும் பார்த்து ஒருவன் கணக்கை முடிப்பது எப்படி இருக்கும் என்று நாங்கள் அறிவோம். பரிசேயரைச் சுவிசேஷத்தின் சூடான பக்கங்களில் மட்டும் படிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

திருப்பதியிலேயே இதற்கு ஒரு மறுபக்கக் கதை உண்டு. திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1896இல் திருப்பதிக்கு வந்து ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். மிஷன் கல்வி நிலையங்களில் இந்து சமயத்தைப் பற்றிக் கேட்ட விமரிசனங்கள்தான் தன்னைத் தன் மரபின் மூல நூல்களைத் தேடிப் படிக்கத் தூண்டின என்று பின்னாளில் அவரே எழுதினார். தன் மரபைப் பிறர் வாயால் கேட்ட மாணாக்கன் என்ன செய்வான் என்பதற்கு அவர் உதாரணம்.

நல்ல உதாரணமும் தமிழில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அழுத்தமான சைவர், கிறிஸ்தவத்தைக் கடுமையாகக் கண்டித்தவர். அவர்தான் பெர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தார். அது 1850இல் வெளிவந்தது. சமணர் செய்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதியவரும் அவரே. கருத்தில் எதிர்த்தார், நூலை எதிர்க்கவில்லை. அவரைவிட நல்ல மாணாக்கனை நான் எங்கே தேடுவேன்?

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளை வளர்க்கிற நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. யூதர்கள் ஆலயத்தை இழந்தார்கள், நாட்டை இழந்தார்கள். ஆனால் ஆசிரியன், மாணாக்கன் என்ற கயிற்றை விடவில்லை. வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று உபாகமம் சொன்னதை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது என்று எல்லைக்கோடுகள் நம் தலைக்கு மேலே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் கால் பங்கு. சங்கத்தில் தோழரோடு பேசுவது இன்னொரு கால். தம்பி தங்கைக்கு அவனே ஒரு குறளுக்குப் பொருள் சொல்லும்போதுதான் அந்த அரைப் பங்கு வரும். கணக்குப் பவணந்தியார் போட்டது; எருசலேம்காரர்களும் ஒப்புக்கொண்டது.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீஷத்துவக் கூட்டங்களில் சுவிசேஷத்தோடு ஆவோத் நூலையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இயேசு எதை ஏற்றார், எதைத் திருப்பிப் போட்டார் என்பது அப்போதுதான் துலங்கும். யூதரை இருட்டாக்கினால்தான் இயேசு வெளிச்சமாவார் என்று நினைப்பது அவரையே சிறுமைப்படுத்துவது. பன்னாடை கசடை வைத்துக்கொண்டு நெய்யை விட்டுவிடும். அன்னம் பாலை எடுத்துக்கொள்ளும். எதுவாக இருப்பது என்பதை மாணாக்கன்தான் முடிவு செய்ய வேண்டும்.